மூக்கு வழியே போகும் மருந்து

(கோலார் தங்கவயல், ஸ்கெலட்டன் பகுதியில் கூடிய அங்கத்தினர்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"வாசனைத் தைலங்களை முகர்ந்தால் மனக்கவலை தீருமா?" என்பதைப் பற்றிப் பேசும்படி நமது காரியதரிசி பணித்தார். கேள்வியைக் கிளப்பியது மாமிகள் சிலர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் பிள்ளைகள், ஆளுக்கொரு டிஃப்யூசரையும் அரை டஜன் குப்பிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். லாவெண்டர் விட்டால் தூக்கம் வரும், ஆரஞ்சு விட்டால் உற்சாகம் வரும், யூக்கலிப்டஸ் விட்டால் நெஞ்சு லேசாகும் என்று கூடவே ஒரு சீட்டு. அடியேன் டாக்டர் அல்ல. ரசாயனம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே குப்பிக்குள் என்ன இருக்கிறது, மூக்கில் ஏறியபின் அது எங்கே போகிறது, ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வைத்தியம் உங்கள் டாக்டர் பாடு.

முதலில் பெயரைச் சரி செய்துகொள்வோம். எண்ணெய் என்று சொன்னாலும் இது நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஜாதி அல்ல. காகிதத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் கறை நிற்கும். யூக்கலிப்டஸ் தைலம் விட்டால் சிறிது நேரத்தில் ஆவியாகிப் போய்விடும். இலை, பூ, பட்டை, கட்டை இவற்றை நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்தால் நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பதே இது. நீலகிரியில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிவந்து செப்புப் பாத்திரத்தில் வடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிலோ தைலம் கிடைத்தால் பெரிது. ஒரு கிலோ ரோஜாத் தைலத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோ இதழ் வேண்டும். அதாவது குப்பியில் இருப்பது செடியின் சாரம், பல மடங்கு செறிவூட்டப்பட்டது. தோட்டத்தில் மரத்தடியில் நிற்பதையும் குப்பியைத் திறந்து மூக்கில் வைப்பதையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

நம் ஊரில் இதைச் சொல்லவே வேண்டாம். கோலார் ஜில்லா முழுக்க 1980-களில் உலக வங்கி உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் நீலகிரி மரத்தை நட்டுத் தள்ளினார்கள். நிலத்தடி நீர் போயிற்று என்ற புகார் முற்றி, 2017-ல் கர்நாடக அரசு புதிதாக நடுவதைத் தடை செய்தது. மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் இது மைசூர் கம் என்னும் ரகம். நந்தி மலையிலிருந்து பரவியது, காகிதக் கூழுக்கு ஏற்றது, தைலம் குறைவு. மருந்துக் குப்பிக்கு உகந்தது ஊட்டியின் நீல கம். அந்தத் தைலத்தில் பாதிக்கு மேல் சினியோல் என்ற ஒரே பொருள். இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி மூக்குக்கு வருவோம். வாசனை நம்மிடம் இரண்டு வழியில் வேலை செய்கிறது.

முதல் வழி நரம்பு. மூக்கின் உச்சியில் தபால் தலை அளவு இடத்தில் வாசனையை வாங்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றின் ஏற்பிகளுக்கு உரிய மரபணுக்களை 1991-ல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் கண்டுபிடித்தார்கள். 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்கு ஏறக்குறைய நானூறு வகை, எலிக்கு ஆயிரத்துக்கு மேல். கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையின் நடுவே தலாமஸ் என்ற தபாலாபீஸில் பிரிக்கப்பட்டு உரிய இடத்துக்குப் போகிறது. வாசனை மட்டும் அந்த ஆபீஸுக்குப் போகாமல், பயத்தையும் ஞாபகத்தையும் ஆளும் பகுதிகளை நேரே தொடுகிறது. சாம்பிராணிப் புகை பட்டதும் எண்ணெய் ஸ்நானமும் பாட்டியின் மடியும் யோசிக்காமலே வந்துவிடுகின்றனவே, அது இதனால்தான்.

இரண்டாவது வழி ரத்தம். மூச்சோடு உள்ளே போகும் ஆவி நுரையீரலில் கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. சினியோலை மனிதர்கள் சுவாசிக்கச் செய்து அளந்தபோது, சுமார் இருபது நிமிஷத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டது. கொழுப்பில் கரையும் பொருளாதலால் மூளைக்குள் நுழைவதும் சுலபம். முதல் வழியில் வாசனை ஒரு செய்தி. இரண்டாவது வழியில் அது ஒரு மருந்து. மருந்து என்றால் அளவு உண்டு, அளவு மீறினால் விஷமும் உண்டு. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

கவலை குறையுமா? குறைகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. வியன்னாவில் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் 200 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. ஆரஞ்சு, லாவெண்டர் இரண்டில் எதன் வாசனை இருந்தாலும், வாசனை இல்லாத நாட்களில் வந்தவர்களைவிட நோயாளிகளின் பதற்றம் குறைந்திருந்தது. பல் பிடுங்கக் காத்திருப்பதைவிடக் கவலைக்கு வேறு நல்ல பரிசோதனைச்சாலை ஏது!

எப்படிக் குறைகிறது என்பதற்கு ஜப்பானில் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் 2018-ல் செய்த சோதனை ரசமானது. லாவெண்டரில் லினலூல் என்ற பொருள் இருக்கிறது. நமக்கும் அது அன்னியமில்லை. மல்லிகையில் இருக்கிறது, தனியா விதையின் தைலத்தில் பெரும்பங்கு அதுவே. எலிகளை லினலூல் வாசனையில் வைத்தார்கள். அவற்றின் பயம் குறைந்தது, தள்ளாட்டம் இல்லை. மோப்ப சக்தியைப் போக்கிய எலிகளுக்கு அதே ஆவி பலன் தரவில்லை. ஆகவே இந்த அளவில் வேலை செய்தது மூக்கின் நரம்பு, ரத்தம் அல்ல. மேலும் ஃப்ளூமஜெனில் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தபோது சாந்தம் மறைந்தது. அந்த மருந்து, டயஸிபாம், அல்ப்ராஸோலம் போன்ற மாத்திரைகள் மூளையில் உட்காரும் இடத்தை அடைத்துவிடுவது. வாசனையின் வழியும் கடைசியில் அந்த வாசலிலேயே போய் முடிகிறது என்று ஏற்படுகிறது. நம் சபையில் ராத்திரி படுக்கும்முன் அந்த மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் கை தூக்கவேண்டாம், எனக்கே தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டு லாவெண்டரை வைத்துக்கொள்ளலாமே" என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. நாள்பட்ட அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் சொன்னபடி சிறிது சிறிதாகத்தான் குறைக்கவேண்டும்.

வாசனையின் பலமும் எவ்வளவு என்று பாருங்கள். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குக், எர்ன்ஸ்ட் இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2000-ல் தீர்ப்புச் சொன்னார்கள்: மனப் பதற்றம் லேசாக, கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது; கவலை நோய்க்குச் சிகிச்சை என்று சொல்லும் அளவுக்கு அது போதாது. பின்னால் நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சின்னக் கூட்டங்களில் செய்தவை, அதோடு ஒரு பெரிய இடைஞ்சல். மாத்திரை என்றால் வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். வாசனையை எப்படி மறைப்பது? முகர்ந்தவனுக்குத் தெரிந்துவிடுகிறதே.

அதைச் சமாளிக்க அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு யுக்தி செய்தார்கள். 56 பேரில் சிலருக்கு வாசனையின் பெருமையைச் சொன்னார்கள், சிலருக்கு எதுவும் சொல்லவில்லை. எலுமிச்சை, லாவெண்டர், வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றி முகரச்செய்து, ரத்தம், உமிழ்நீர், ரத்த அழுத்தம், தோலில் ஏற்படுத்திய சிறு காயம் ஆறும் வேகம் எல்லாவற்றையும் அளந்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: எலுமிச்சை மனதை உற்சாகப்படுத்தியது, பெருமை சொன்னாலும் சொல்லாவிட்டாலும். ஆனால் காயம் ஆறுவதிலோ நோய் எதிர்ப்பிலோ மன அழுத்த ஹார்மோனிலோ இரண்டு வாசனையும் ஒரு நன்மையும் செய்யவில்லை. மனசுக்கு நன்றாயிருந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. டிஃப்யூசர் வைத்தால் சர்க்கரை இறங்கும், எதிர்ப்பு சக்தி ஏறும் என்று சீட்டில் அச்சடித்திருந்தால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடலாம்.

இதில் இன்னொன்றையும் கழித்துப் பார்க்கவேண்டும். "கண்ணை மூடி, மெதுவாக இழுத்து முகருங்கள்" என்று சொல்லித்தான் எல்லாரும் கொடுக்கிறார்கள். மெதுவாக இழுத்து மெதுவாக விட்டாலே நாடித்துடிப்பு இறங்கும். மூன்று வேளையும் சந்தியாவந்தனத்தில் பிராணாயாமம் பண்ணுகிறவருக்கு அந்தப் பாதி இலவசம்.

சந்தனத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் மைசூர் சீமையில் பேசினவன் என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். முதல் உலக யுத்தத்துக்கு முன் நம் சந்தனக்கட்டை ஜெர்மனிக்குப் போய்த்தான் எண்ணெயாகும். யுத்தத்தில் அது நின்றுபோக, கட்டை தேங்கியது. இந்திய விஞ்ஞானக் கழகத்து சட்பரோ, வாட்ஸன் இருவரின் உதவியோடு 1916-17-ல் பெங்களூரிலும் மைசூரிலும் சமஸ்தானமே எண்ணெய் எடுக்க ஆரம்பித்தது. சந்தனம் குளிர்ச்சி, சாந்தம் என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். பிற்பாடு அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மூக்கை மறைத்து, சந்தனத்தின் முக்கியப் பொருளைத் தோல் வழியே மட்டும் உள்ளே விட்டபோது உடம்பு தளர்ந்து அமைதியானதாக 2004-ல் ஒரு ஆய்வு. அதே குழுவினர் 2006-ல் சந்தன எண்ணெயை முகரச்செய்து பார்த்தபோது நாடியும் ரத்த அழுத்தமும் சற்று ஏறின! இட்டுக்கொண்டால் ஒன்று, முகர்ந்தால் வேறு. நெற்றியில் இட்டுக்கொள்ளச் சொன்ன பெரியவர்கள் கணக்குப் போட்டுத்தான் சொன்னார்கள் என்று அடியேன் வாதாடவில்லை. ஆனாலும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மல்லிகைத் தேநீரின் வாசனையை வைத்து ஜப்பானில் 2005-ல் செய்த சோதனை நமக்கு இன்னும் உபயோகம். வாசனையை இருபது மடங்கு நீர்த்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவில் கொடுத்தபோது நாடித்துடிப்பு குறைந்தது. அந்த வாசனை பிடிக்காதவர்களுக்கும் குறைந்தது. சாந்தத்துக்கு வேண்டியது துளியூண்டுதான்.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எழுபது தாண்டினால் மோப்பம் மங்குகிறது. கோவிட் வந்து போனவர்களில் சிலருக்கு இன்னும் சரியாகவில்லை. போதாக்குறைக்கு, எந்த வாசனையும் பத்து நிமிஷத்தில் மூக்குக்குப் பழகிவிடும். வாசனை வரவில்லையே என்று இன்னும் நாலு சொட்டு விடுகிறோம். மூக்கு கணக்கு வைப்பதை நிறுத்திவிட்டது. நுரையீரல் நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு வாங்கி ரத்தத்தில் சேர்க்கிறது. நான் சொன்ன முதல் வழி மூடிக்கிடக்கும்போது இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது.

இப்போது சினியோலுக்கு வருகிறேன். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் நிபுணர் டாக்டர் தாமஸ் மாத்யூவும் அவர் சகாக்களும், யூக்கலிப்டஸ் தைலத்தை முகர்ந்ததால் வலிப்பு வந்த பத்துப் பேரைப் பற்றி 2017-ல் எழுதினார்கள். குழந்தைகள் குடித்துவிட்டு வலிப்பு வருவது முன்பே தெரிந்த விஷயம். முகர்ந்தே வருகிறது என்றதும் உலகம் கவனித்தது. பிறகு தென்னிந்தியாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நான்கு வருஷம் கணக்கெடுத்தன. காரணம் தெரியாமல் முதல் தடவை வலிப்பு வந்தவர்கள், மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தும் திடீரென்று வந்தவர்கள் என்று 350 பேர். அவர்களில் 55 பேருக்கு, அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல், வாசனைத் தைலம்தான் காரணம் என்று 2021-ல் வெளியிட்டார்கள். அதில் 22 பேருக்கு முன்னால் வலிப்பே கிடையாது. 33 பேர் ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்கள். தைலம் அதைத் தூண்டிவிட்டது. குற்றவாளிகள் யூக்கலிப்டஸும் கற்பூரமும். வந்த வழி முகர்வது, தேய்ப்பது, ஆவி பிடிப்பது, சிலருக்கு வாய்வழி. தைலத்தை நிறுத்தியபின் பெரும்பாலோருக்குத் திரும்ப வரவில்லை.

என் அத்தான் ஒருவருக்கு இதுதான் நேர்ந்தது. பெங்களூர்வாசி, அறுபத்தெட்டு வயது, சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஒரு ராத்திரி வலிப்பு. ஸ்கேன் சுத்தமாயிருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் இன்னொன்று, மாத்திரையைக் கூட்டினார்கள். பகலெல்லாம் தூக்கக் கலக்கம், காரை விற்றாயிற்று, பேரனைத் தூக்கப் பயம், அத்தங்காளுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. மூன்றாவதாகப் போன டாக்டர் ஒரு இளைஞர். அவர்தான், "ராத்திரி படுக்கும்போது என்ன சார் தடவிக்கிறீங்க?" என்று கேட்டார். அத்தங்காள் பதில் சொன்னாள்: "தடவிக்கறதா? தலகாணியிலேயே கைக்குட்டையை நனைச்சு வெச்சுண்டுடுவார். ஊட்டி சரக்கு. ஆனா அது வெறும் தைலம்தானே?" நீர்க்கோவை என்று ஆரம்பித்தது, மனசு நிம்மதியா இருக்கு என்று பல வருஷமாகத் தொடர்ந்திருக்கிறது. கைக்குட்டை போயிற்று, இரண்டு வருஷமாக வலிப்பு இல்லை, மாத்திரையை டாக்டரே படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்.

"வெறும் தைலம்தானே" என்பதால்தான் டாக்டரிடம் மருந்துப் பட்டியல் சொல்லும்போது இதைச் சொல்வதில்லை. சொல்லுங்கள். பாம், ரோல்-ஆன், ஆவி பிடிக்கும் கேப்ஸ்யூல், டிஃப்யூசர், கழுத்தில் கட்டிய கற்பூர முடிச்சு எல்லாவற்றையும் சொல்லுங்கள். கோவிட் சமயத்தில் கற்பூரம், ஓமம், கிராம்பு, யூக்கலிப்டஸ் சேர்த்து முடிந்து முகர்ந்தால் பிராணவாயு ஏறும் என்று ஒரு செய்தி உலகமெல்லாம் சுற்றியது. ஏறாது. மென்தால், கற்பூரம் முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியே இருக்கும். மென்தால் தொடுவது குளிரை உணரும் நரம்பை. குளிர்ந்த காற்று நிறைய வருவதாக மூளை நம்பிவிடுகிறது, அவ்வளவுதான். இங்கே காற்றடி காலத்தில் சயனைட் மேட்டுத் தூசு பறக்கும்போது தைலத்தை முகர்ந்தால் சுகமாகத்தான் இருக்கும், நுரையீரலில் போன தூசு வெளியே வராது. அதற்கு முகக்கவசம்தான். மாரிக்குப்பம் ரயிலில் ஒருவர் பாம் டப்பாவைத் திறந்தால் பெட்டியே முகர்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். பக்கத்தில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவருக்கு அது தண்டனை.

சுவாமிக்கு ஏற்றும் கற்பூர ஆரத்தியை நிறுத்தவேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு வில்லை, இரண்டு நிமிஷம், திறந்த ஜன்னல், பயமில்லை. டப்பாவைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். இன்று கடையில் கிடைக்கும் பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. ஒரு சின்னக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரப் போதும். தோலில் தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க அரசு 1983-லேயே வரம்பு கட்டிவிட்டது. யூக்கலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலும் குழந்தைக்கு ஆபத்து. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மூக்கருகில் எந்த பாமும் வேண்டாம்.

லாவெண்டரை ஆசைப்படுகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். இப்போது ஜம்முவில் தோடா பக்கம் நம் விவசாயிகளே பயிரிடுகிறார்கள். ஒரு சொட்டு, பெரிய அறை, கதவு திறந்து, கால் மணி நேரம், பிறகு அணைத்துவிடுவது. ராத்திரி முழுக்க ஓடவேண்டியதில்லை. ஜெர்மனியில் லாவெண்டர் எண்ணெயைக் கேப்ஸ்யூலாகக் கவலைக்குக் கொடுக்கிறார்கள், அதற்கு நல்ல ஆய்வுகளும் உண்டு. அது அளந்து அடைத்த மருந்து. டிஃப்யூசர் குப்பியிலிருந்து யாரும் வாயில் விட்டுக்கொள்ள வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் வாசனை ஸ்ப்ரேக்களையும் நம்பி வாங்காதீர்கள். 2021-ல் அமெரிக்காவில், இந்தியாவில் தயாரான ஒரு லாவெண்டர் ஸ்ப்ரேயில் கிருமி இருந்து நாலு பேர் நோயுற்று இருவர் இறந்தார்கள்.

வலிப்பு உள்ளவர் வீட்டில் யூக்கலிப்டஸ், கற்பூரம், ரோஸ்மேரி மூன்றும் ஆகாது. யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தால், உடனே ஆஸ்பத்திரி. கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம். தெளியவைக்கிறேன் என்று யாராவது தைலக் குப்பியைத் திறந்து மூக்கருகே கொண்டுவந்தால், முதலில் அந்தக் குப்பியை வாங்கி மூடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.